கம்பெனி போட்ட மாதிரி

அவர் என் கடைக்கு வந்தால் முதலில் என்னைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார். போன தடவை வந்ததிலிருந்து எது மாறியிருக்கிறது என்று அவர் கண் ஒரு சுற்றுச் சுற்றி வரும். "மேஸ்திரி, இந்த ஆணி மொதல்ல இருந்துச்சா?" என்பார். இருந்திருக்காது. கத்தரிக்கோலை மாட்டுவதற்காக அன்று காலையில்தான் அடித்திருப்பேன். "இல்லீங்க சார், இப்பத்தான் அடிச்சேன்" என்றால், தலையை ஆட்டிக்கொண்டு, அந்த ஆணி கண்ணில் படாத பக்கமாக ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்காருவார். என் கடை, என் சுவர், என் ஆணி. ஆனாலும் அவர் போன பிறகு அதைப் பிடுங்கிவிடலாமா என்று எனக்கே தோன்றும். அப்படி ஒரு மனுஷன்.

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் எனக்கு வண்டி சீட் தைக்கிற கடை. பஸ், லாரி, சினிமாக் கொட்டகை நாற்காலி, எதுவானாலும் தைப்பேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை. கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. அதால் அவர் முகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை, சாமான்களைத்தான் துடைப்பார். குரலை உயர்த்த மாட்டார். கூலியைக் குறைத்துக் கேட்க மாட்டார். வேலைக்காரனை "நீ" என்று சொன்னாலும் அதில் மரியாதை இருக்கும். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவையாவது அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவருடைய அப்பா பட்டுக்கடைக்காரர். வெள்ளைக்காரன் கிளம்பிப் போன சமயத்தில் அமெரிக்கக் கார் ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கியிருந்தாராம். எட்டு சிலிண்டர். அது கிளம்பினால் தெருக்கோடி வீட்டில் பாத்திரம் அதிரும் என்பார்கள். பிறகு அது கைமாறி, மாகறல் பக்கம் ஒரு ரைஸ் மில்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் புண்ணியவான் எட்டு சிலிண்டரைக் கழற்றி மில் மூலையில் போட்டுவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார். பின் சீட்டில் ரெக்சின் அடித்துத் தவிட்டு மூட்டை ஏற்றினார். கடைசியில் அதுவும் ஓடாமல் வைக்கோலுக்கு அடியில் கோழி முட்டையிடும் இடமாகிப் போனது. அப்பா காலமான பிறகு இவர் போய் அதைத் திரும்ப வாங்கினார்.

இரண்டு ஜோடி மாடு கட்டித்தான் ஊருக்குள் இழுத்து வந்தார்கள். "எட்டு சிலிண்டருக்கு நாலு மாடு பத்துமா, இன்னும் ரெண்டு கட்டுங்கப்பா" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் எதையும் காதில் வாங்கவில்லை. வண்டிக்குப் பின்னாலேயே, ஏதாவது கழன்று விழுகிறதா என்று தரையைப் பார்த்தபடி மாகறலிலிருந்து நடந்தே வந்தார்.

அப்போது அவர் மனைவிக்கு நாலு மாதம். இரண்டாம் தாரம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள் என்பது ஊருக்கே தெரியும். எப்படிப் போனாள் என்பதை யாரும் பேசுவதில்லை. "வண்டி முடியறதுக்கும் இவளுக்கு மாசம் ஆவறதுக்கும் சரியா இருக்கும், மேஸ்திரி. பிரசவத்துக்கு இதுலதான் கூட்டிக்கினு போவணும்" என்று அவர் முதல் நாளே சொன்னார். ஆசையாகச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பெனி எப்படிப் போட்டு அனுப்பினானோ அப்படி இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் சட்டம். டிங்கர் வேலைக்காரர் கதவுக்கு அடியில் இற்றுப் போன இடத்தில் அருமையாக ஒட்டுப் போட்டார். அவரே பெருமையாகத் தட்டிக் காட்டினார். "நல்லா இருக்குது. எடுத்துடு" என்றார் இவர். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஆதி பெயின்ட் தெரிந்தது, கரும்பச்சை. அந்தப் பச்சை வரும்வரை டப்பா டப்பாவாகக் கலக்கிக் கொட்டினார்கள். ஒரு திருகாணிக்காக மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்து, மறுநாளும் போனார். பழைய எஞ்சின் மறுபடி உட்கார்ந்து முதல் தடவை உறுமியபோது நாங்கள் எல்லாம் கை தட்டினோம். அவர் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இந்தச் சத்தம்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

வீல் கப் விஷயமும் அப்படித்தான். மில்லிலிருந்து வந்த வண்டியில் மூன்று சக்கரத்துக்குத்தான் வெள்ளிப் பளபளப்பு மூடி இருந்தது. நாலாவதைத் தேடி ஊர் ஊராக அலையப் போகிறார் என்று நாங்கள் கேலி பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் போய் ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்து வந்தார். பிரித்தால் உள்ளே நாலாவது வீல் கப். ஓரத்தில் லேசாக நசுங்கியிருந்தது, மற்றபடி கண்ணாடி மாதிரி இருந்தது. "வண்டிய வித்தப்ப இத மட்டும் நான் குடுக்கல" என்றார். மாட்டிப் பார்த்தால் கவ்வுகிற கிளிப் ஒன்று தளர்ந்துபோயிருந்தது. "உள்ளாற சன்னமா ஒரு கம்பி வச்சுக் கட்டிடலாம் சார், வெளிய தெரியாது" என்றார் டிங்கர்.

"கம்பெனிக்காரன் கம்பி கட்டி அனுப்பலியே" என்றார்.

வண்டிக் கொட்டகை அவர் வீட்டுக் கொல்லையில். அங்கேயே உட்கார்ந்து சீட்டைப் பிரிப்பேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைப்பாள். திருப்புட்குழிப் பெண், இருபது இருபத்தொன்று இருக்கும், சிரித்த முகம். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஒரு நாள் மோரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. சொன்னேன்.

"மறந்து போயி ரெண்டு தடவ போட்டுட்டேண்ணே. அஞ்சறைப் பெட்டியில எனக்கு இன்னும் கை பழகல. எங்க வீட்டுல கடுகு நடுவுல இருக்கும். இங்க நடுவுல பெருங்காயம்."

"மாத்தி வச்சுக்கிறதுதானே?"

"ஒரு நாள் மாத்தினேன். அவரு ஒண்ணும் சொல்லல. சாயந்திரம் பார்த்தா பழையபடி இருக்குது. அந்தக்கா எப்படி வச்சிருந்தாங்களோ அப்படியே திரும்ப வச்சிருக்காரு." அந்தக்கா என்றால் செத்துப்போனவள். "இந்த வீட்டுல நான் ஒரு ஆணி கூட அடிச்சதில்லண்ணே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைச்சன் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். வளைகாப்பு முடிந்ததும் போவதுதானே முறை. "அவங்களும் இங்கேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். நீயும் இங்கயே இருன்னுட்டாரு. அதுக்குள்ள வண்டி ரெடியாயிடும், அப்புறம் என்னான்னு கேக்கறாரு" என்றாள். சொல்லும்போது கை வயிற்றின் மேல் இருந்தது.

சீட் துணிக்கு வருகிறேன். மில்காரர் ரெக்சினைப் பிடுங்கினால் உள்ளே பழைய துணி எலி தின்று பொடிப்பொடியாக இருந்தது. பின் சீட்டின் இடது ஓரத்தில், ஆணிவரிசைக்கு அடியில் மட்டும் ஒரு முழத் துண்டு தப்பியிருந்தது. சந்தன நிறம், மெல்லிய கோடுகள், ஒரு ஓரத்தில் அடர்ந்த காவிப் பழுப்பு. அந்தப் பழுப்பின் உள்விளிம்பு நேராக இல்லாமல் மேலும் கீழுமாக இருந்தது. கொட்டகை ஒழுகிய கறையாக இருக்கும் என்று நான் நினைத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை. இந்த மாதிரித் துணி மெட்ராஸிலும் கிடைக்காது, வேறு ஏதாவது போடலாம் என்றேன். அவர் அந்தத் துண்டைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் ஏகாம்பரத்திடம் போனார். ஏகாம்பரம் அவர்கள் கடைக்குப் பரம்பரையாகப் புடவை நெய்து கொடுக்கிற ஆள்.

"இதுல என்னா இருக்குதோ அது அத்தனையும் வரணும். உன் யோசனை ஒண்ணும் வேணாம்" என்று சொல்லித் துண்டைக் கொடுத்தாராம். ஏகாம்பரமும் அப்படியே செய்தார். பிறந்ததிலிருந்து புடவையே பார்த்த கண் அவருக்கு. துணி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கரை இருக்கும். ஓரத்தில் பழுப்பு இருந்தால் அதுதான் கரை. அதன் விளிம்பு மேலும் கீழுமாகப் போனால் அது கோபுரக் கரை, வேறென்ன. சந்தன உடல், காவிப் பழுப்பில் பல் பல்லாகக் கோபுரக் கரை, உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து இணைத்து, கல்யாணப் புடவை மாதிரி நெய்து கொண்டுவந்தார்.  இப்படி ஒரு சீட் துணியை நான் அதற்கு முன்னும் தைத்ததில்லை, பின்னும் தைத்ததில்லை.

அவர் கரையை விரலால் தடவிப் பார்த்தார். நீண்ட நேரம் தடவினார். "ஆமா. இருந்துச்சு" என்றார்.

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று செவிலிமேட்டிலிருந்து அவர் அக்கா வந்தார். விதவை, வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷி. வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "அப்பா இருந்தா பூரிச்சுப் போயிருப்பாருடா" என்று தம்பியின் தாடையைத் தொட்டார். பிறகு பின் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். இடது பக்கக் கரையைப் பார்த்தார். குனிந்து கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"என்னாடா இது?"

"சீட்டுக்கா. மொதல்ல இருந்த துணி."

"கம்பெனிக்காரன் போட்ட கரையாடா இது?"

"துணியில இருந்துச்சுக்கா" என்றார் அவர். பொய் சொல்கிற முகமே இல்லை. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போய்விட்டார்.

அக்கா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரை வைத்துக்கொண்டே சொன்னார்.

"மொத பொண்டாட்டிய இதே வண்டியிலதான்பா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனோம். என் மடியிலதான் தலை. ரத்தம் நிக்கல, சீட்டு ஓரமெல்லாம் ஊறிப் போச்சு. வாலாஜாபாத்துக்கு முன்னாடி ஏரிக்கரை மதகு வருது பாரு, அங்க வண்டி தூக்கிப் போட்டுது. டங்குன்னு ஒரு சத்தம். கொஞ்ச தூரம் போயி தம்பி வண்டிய நிறுத்திட்டான். டயருதான் போயிடுச்சுன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கறேன், வந்த வழியிலயே நடந்து போறான். நான் கத்தறேன், அவ கத்தறா. கழனியில எறங்கித் தேடறான்பா. அப்புறம் கழண்டு விழுந்த சக்கரத்து மூடிய எடுத்துக்கினு, துடைச்சுகினே வரான். அதுக்குள்ள அவ கத்தறத நிறுத்திட்டா."

 நிமிர்ந்தால், கற்பூரத் தட்டோடு அவன் மனைவி நின்றுகொண்டிருக்கிறாள். அவன் என்று எழுதிவிட்டேன். பரவாயில்லை, அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தட்டைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் வண்டிக்குக் காட்டினார். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்டாண்டில் தெரிந்த டாக்ஸிக்காரரிடம், எப்போது ஆள் அனுப்பினாலும் வந்துவிடவேண்டும் என்று சொல்லி வைத்தேன். அக்கா செவிலிமேட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். ஆனால் நம் நேரம் பாருங்கள், வலி வந்தது நல்ல முகூர்த்த நாளில். காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாளில் டாக்ஸி கிடைக்குமா? ஸ்டாண்டு காலி. நான் அன்று காலையில் சீட் ஓரத்தில் ஓடுகிற பைப்பிங் பட்டையை இழுத்து அடிக்க வந்திருந்தேன். மருத்துவச்சி வெளியே வந்து, "குழந்தை குறுக்க கிடக்குது, என்னால ஆவாது, செங்கல்பட்டுக்கு எடுத்துக்கினு ஓடுங்க" என்றாள்.

அவர் அவசரப்படவே இல்லை. எஞ்சினைப் போட்டு, அது ஒரே சீராக வரும்வரை நின்று கேட்டார். அக்கா பழைய புடவை ஒன்றை நாலாக மடித்துக் கரை தெரியாமல் சீட்டின் மேல் போட்டார். "நீயும் ஏறுப்பா. வழியில ஒரு ஆம்பள இருக்கணும்" என்றார் என்னிடம். ஓட்டப் போகிறவரும் ஆம்பளைதான், ஆனால் நாங்கள் யாரும் அப்போது அப்படி நினைக்கவில்லை. முன்னால் ஏறிக்கொண்டேன்.

அருமையாக ஓட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பள்ளத்தில் விடவில்லை. பின்னால் அவள் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு முனகினாள். வாலாஜாபாத் நெருங்க நெருங்க அக்கா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டை எட்டிப் பார்த்தார். ஏரிக்கரை வந்தது. எதிரில் நெல் மூட்டை லாரி. ஒதுங்கியதில் இடது சக்கரம் மதகு விளிம்பில் ஏறி இறங்கியது.

டங்.

அவர் கால் பெடலை விட்டு எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வண்டி தளர்ந்தது. "தம்பி, நிறுத்தாதடா. உன் கால்ல விழறேன்" என்றார் அக்கா பின்னாலிருந்து. தம்பியின் நெற்றியெல்லாம் வியர்வை.  அவருக்குக் கேட்கவில்லை என்று இல்லை. கேட்டது, ஆனாலும் அவரால் முடியவில்லை. வண்டி நின்றுவிடும் போலிருந்தது.

"நீங்க போங்க சார். நான் எறங்கி எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்தப் பக்கம் உருண்டுச்சுன்னு பார்த்தியா?"

"பார்த்தேன் சார். எனக்குத் தெரியும்." நான் எங்கே பார்த்தேன்.

"துடைக்காத. அப்படியே எடுத்துக்கினு வா" என்றார். நான் கதவைத் திறந்து குதித்தேன். முழங்காலில் தோல் பெயர்ந்தது. வண்டி சத்தம் ஏறியது, போய்விட்டது. பின் கண்ணாடியில் அக்காவின் தலை மட்டும் தெரிந்தது.

தேடினேன். வரப்பு வரப்பாக நடந்து, நாற்றுக்கு நடுவில் சேற்றில் செருகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். ஏரியில் வீசிவிடலாம் என்றுதான் கையை ஓங்கினேன். ஆனால் வெறுங்கையோடு போனால் அவர் அந்த நிமிஷமே கிளம்பி வந்துவிடுவார், அவள் அங்கே கிடப்பாள். கடவுளே என்று பஸ் ஏறினேன். மடியில் சேறும் வெள்ளியுமாக அந்த மூடி. "என்னாபா, சாப்பாட்டுத் தட்டா? லக்கேஜ் போடவா?" என்று கண்டக்டர் கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, சண்டை போடவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் "என்னாச்சு சார்?" என்றேன். அவர் "கெடைச்சுதா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். என் கையிலிருந்து வாங்கி, கைக்குட்டையால் சேற்றை வழித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் விரலை வைத்தார்.

"மேஸ்திரி, இந்தச் சொட்டை மொதல்ல இருந்துச்சா?"

படிக்கட்டில் அவர் அக்கா உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. நான் பயந்துபோய் ஓடினேன். "பொண்ணுபா. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கும் அழுகை வந்துவிட்டது. "பொறந்து எம்மா நேரம் ஆவுது தெரியுமா? அவன் இன்னும் உள்ள வந்து பாக்கல. நீ வரியான்னு பாத்துக்கினு கேட்டு வாசல்லயே நின்னுக்கினு இருந்தான்."

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகத் திருப்புட்குழி அம்மா வீட்டுக்குப் போனாள். பஸ்ஸில் போனாள். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் அவர் அழைத்துவரக் கிளம்பினார். துணைக்கு வா என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மூடி மறுபடி ஏறியிருந்தது. புதுச் சொட்டையைத் தட்டி எடுத்திருந்தார்கள், பழைய நசுங்கல் மட்டும் இருந்தது. கம்பி கட்டவில்லை.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவர் குழந்தையை எட்டிப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார், விரலைக் கூட நீட்டினார். குழந்தை பிடித்துக்கொண்டது. எனக்கு நெஞ்சு லேசாயிற்று.

"நான் வரேன். இப்பவே பொடவ மாத்திக்கினு வரேன்" என்றாள் அவள். "அந்த மூடிய மட்டும் கழட்டி, அதோ கோயில் கொளத்துல போட்டுட்டு வாங்க."

"எது?"

"நீங்க துணியில சுத்தி வச்சிருந்தது. நாலுல அந்த ஒண்ணு மட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் விரலை மெதுவாக உருவிக்கொண்டார். வண்டியிடம் போனார். இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, மூடியின் மேல் கையை வைத்தார். குளம் கூப்பிடு தூரம்தான். கழற்றிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவர் தோள் குலுங்கியது மாதிரி இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். 

பிறகு அவர் கைக்குட்டையை எடுத்து மூடியைத் துடைத்தார். எழுந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கதவைத் திறந்தார். எஞ்சின் பிடித்தது, எட்டும் ஒரே சீராக. என்னைக் கூடக் கூப்பிடாமல் வண்டி கிளம்பிப் போனது.

"நாலையும் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஏறினாரு, பாத்தீங்களாண்ணே" என்றாள் அவள். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க உக்காருங்க. மோர் கொண்டாரேன். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்குது."